நூத்தி

ஐப்பசி. ராத்திரி இரண்டு பத்து.
செக்காலை ரோடு முழுக்கக் கரண்ட் இல்லை.
கானாடுகாத்தானிலிருந்து சேவுகன்:
"மேடம், ஊருணி காஞ்சுபோச்சுன்னு உங்க மெஷின் சொல்லுது.
போர் மோட்டார் தானா ஓடித் தண்ணிய ஊத்துது.
நான் படியில முழங்கால் தண்ணியில நிக்கிறேன்."

லேப்டாப்பில் மிச்சம் நாற்பது நிமிஷம்.
திரையின் கடைசி வரி:
நீர்மட்டம் சுழியம்,
வெப்பம் ஒரு டிகிரி,
பேட்டரி இருபத்து நாலு.

ஒரு டிகிரி.
கானாடுகாத்தானில்.
சிரித்துவிட்டேன். பிறகு வயிறு கலங்கியது,
அந்த நிரலை எழுதியவள் நான்.

ஊருணிக்குள் நட்ட கம்பத்தில் ஒரு சின்னப் பெட்டி.
கால் மணிக்கு ஒருமுறை
மூன்று எண்களை ரேடியோவில் அனுப்பும்.
பைட்டுக்குப் பைட் பேட்டரி கணக்குக் கேட்கும் என்பதால்
சின்ன எண்ணுக்கு ஒரு பைட்,
பெரிய எண் வந்தால் இன்னொன்று, தேவைப்பட்டால் மற்றொன்று.
ஏழு பிட்டில் எண் இருக்கும்.
எட்டாவது எரிந்தால்: பொறு, இன்னும் வருகிறது.
அணைந்திருந்தால்: அவ்வளவுதான்.
நூற்றிருபத்தேழு வரை ஒற்றைப் பைட் போதும்.
ஆறு மாதமாக ஊருணி நூறைத் தொட்டதில்லை.
ஆறு மாதமாக நானும் கெட்டிக்காரி.

"டார்ச் அடிச்சுப் பாருங்க. கம்பத்துல எத்தனை?"
"நூத்தி—"
லைன் அறுந்தது.

காத்திருந்தேன்.
நூறு என்றிருந்தால் போனைக் கீழே வைத்திருப்பேன்.
நூறு வாயை மூடிக்கொள்கிற சொல்.
நூற்று மூடாது,
நடுவில் ஓர் ஒற்று நுழைந்து கதவைப் பிடித்துக்கொள்கிறது.
இருபது முடிந்துபோகும், இருபத்து முடியாது.
எட்டிலும் ஒற்று இருக்கிறதே என்றால், இருக்கிறது;
ஆனாலும் அது முடிந்துவிடும், யாரும் ஏமாறுவதில்லை.
நம் வாய்க்குள் ஓடுகிற நிரலை
யார் சோதித்து அனுப்பினார்களோ.

மறுபடி மணி.
"இருபத்தி—"
இடி.
மூச்சு.
"எட்டு மேடம். நூத்தி இருபத்தி எட்டு."

நூற்றிருபத்தெட்டு.
இரண்டு பைட்டின் முதல் எண்.
சில்லறை முன்னால் வரும், நோட்டு பின்னால்:
முதல் பைட்டில் ஏழு சுழியம், தலையில் எரிகிற பிட்.
இரண்டாவதில் ஒன்று.

எரிகிறதா என்று நேராகக் கேட்காமல்
சுழியத்தைவிடச் சிறியதா என்று கேட்டிருந்தேன்,
குறுக்குவழி.
என் லேப்டாப்பில் தலைப்பிட் எரிகிற எழுத்து கழித்தல் எண்.
எல்லாச் சோதனையும் பச்சை.
மோட்டார் ரூமில் இருக்கிற சிப்பின் ஊரில்
எழுத்துக்குக் கழித்தலே கிடையாது.
என் கேள்விக்கு அங்கே எப்போதும் ஒரே பதில்: இல்லை.
"நூத்தி" காதில் விழுந்ததும் போனை வைத்துவிட்டது.
ஏழு சுழியம், ஆகவே சுழியம்.
மிச்சமிருந்த ஒன்று வெப்பத்தின் சீட்டில் உட்கார்ந்தது,
இருபத்து நாலு டிகிரி எழுந்து பேட்டரி சீட்டுக்குப் போனது,
பேட்டரியின் தொண்ணூறு
கடைசிப் படியில் கால் வைக்க இடமில்லாமல்
எங்கோ விழுந்துவிட்டது.

தண்ணீர் ஏற ஏற
ஒன்று, இரண்டு, மூன்று என்று அது எண்ணும்.
இப்போதுதான் நிரம்பத் தொடங்குகிறது என்று சந்தோஷப்படும்.

சேவுகன் ஃபியூஸைப் பிடுங்கினார்.
நான் ஒரு வரியை அடித்து ஒரு வரி எழுதினேன்:
எட்டாவது பிட்டைத் தொட்டுப் பார், சுடுகிறதா.
அடியில் இன்னொன்று:
ஐந்து பைட் தாண்டியும் நூத்தி நூத்தி என்றே இழுத்தால் நம்பாதே.
பதினோரு நிமிஷம் மிச்சமிருக்கும்போது சிம் வழியாக அனுப்பினேன்.

இரண்டு ஐம்பத்தைந்து.
நூற்று முப்பத்தொன்று, இருபத்து நாலு, தொண்ணூறு.

"சரியாயிடுச்சு மேடம்."
"வச்சிடவா?"
"அப்புறம்..." என்றார்.

வைக்கவில்லை.
மழை காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

"மூணு மாசமா எனக்குச் சம்பளம் சைபர்.
ஆபீஸ்ல அதையும் ஒரு வார்த்தை சொல்லுங்க."